வாசல்காரி

வாயால் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான். எழுதும்போது பொய் எதற்கு, அவள் என்றே எழுதுகிறேன்.

அவளுடைய சுவரும் என்னுடைய சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன. சுவர் என்றால் செங்கல் இல்லை, கப்பலில் வந்த இரும்பு. அந்தப் பக்கம் அவள் தேங்காய் துருவினால் இந்தப் பக்கம் என் ஆணியில் தொங்கும் மாதா படம் நடுங்கும். மழை என்றால் இரண்டு கூரைக்கும் ஒரே மேளம். அவ்வளவு நெருக்கத்தில் ஒருத்தி இருந்தால் அவள் மேல் பிரியம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எரிய வேண்டும். நான் எரிந்தேன். கடுகண்ணாவை மழையிலும் அணையாமல் எரிந்தேன்.

அப்படி அவள் என்ன செய்தாள்? ஒன்றுமில்லை. வாசலில் நின்று "வாங்க" என்றாள்.

அந்தச் சொல்லை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வாயில் அது வெறும் சத்தம். அவள் 'வா'வைக் கொஞ்சம் நீட்டுவாள், நீட்டும்போதே தலை ஒரு பக்கம் சாயும், 'ங்க' வந்து சேர்வதற்குள் வலது கை வீட்டின் உட்பக்கத்தைக் காட்டும். காட்டுகிற இடத்தில் அரண்மனை ஒன்றும் இல்லை. இரண்டு பிளாஸ்டிக் கதிரை, மடித்து வைத்த பாய், கால் ஆடுகிற அலுமாரி. ஆனாலும் அந்தக் கை காட்டியதும் போகிறவன் நின்றுவிடுவான். தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவன், கரண்ட் மீட்டர் பார்க்கிறவன், துடைப்பம் விற்கிறவன், யாராக இருந்தாலும் சரி. உள்ளே போய் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்காமல் எங்கள் வரிசையைத் தாண்டிப் போனவர்கள் குறைவு.

எங்கள் வரிசை என்றேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹேவாஹெட்டப் பக்கம் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களுக்குள் மண் வந்த பிறகு, இனி இங்கே இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். கண்டி நகரத்தில் வாடகைக்கு ஒண்ட முடியாமல் போனவர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். கடுகண்ணாவையில் பெரிய ரோட்டுக்குக் கீழே, ஒரு காலத்தில் பலகை அறுத்து அடுக்கிய சமதரை ஒன்று சும்மா கிடந்தது. அதன் சொந்தக்காரரான முதலாளி, பழைய கொண்டெய்னர்களை வாங்கிச் சன்னல் வெட்டி, கதவு வைத்து, கல்லின் மேல் வரிசையாக நிறுத்தி, எங்களுக்குத் தவணைக்கு விற்றார். தவணையைக் கட்டி முடித்தோம். அவர் ரசீதுத் துண்டு எதுவும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெட்டி எங்களுடையது. அது நிற்கிற மண் அவருடையது, அதற்கு மாத வாடகை. தூக்கினால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய வீடுதான். ஆனால் கொண்டுபோய் இறக்கி வைக்க எங்களில் ஒருவருக்கும் ஒரு துண்டு நிலம் கிடையாது.

ஒவ்வொரு கதவுக்கும் இன்னொரு சாவி முதலாளியிடம் இருந்தது. துரு பிடித்திருக்கிறதா, காஸ் சிலிண்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வருவார். வந்தால் நாங்கள் எழுந்து வெளியே போய் ஒரு ஓரமாக நிற்போம். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. லயத்துக் காம்பராவுக்குள் கங்காணி எட்டிப் பார்த்தபோதும், துரை குனிந்து நுழைந்தபோதும் எங்களைப் பெற்றவர்கள் அப்படித்தான் ஒதுங்கி நின்றார்கள். கால் தானாக எழுந்துகொண்டது. நானும் நின்றிருக்கிறேன், கையில் மாவோடு, என் அடுப்பில் என் ரொட்டி கருகுகிற வாசனையை வெளியே நின்று பிடித்துக்கொண்டு.

அவள் வீட்டுக்கு அவர் முதல் தடவை வந்த நாளை நான் பார்த்தேன். அவளும் எழுந்தாள்தான். ஆனால் வெளியே வரவில்லை. வாசலை நிறைத்துக்கொண்டு நின்று தலையைச் சாய்த்தாள்.

"வாங்க மொதலாளி, வாங்க. சப்பாத்த அப்பிடி ஓரமா கழட்டிட்டு வாங்க. இப்பதான் தொடச்சேன்."

அவர் கையில் சாவி இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாத மாதிரி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குனிந்து, நாடாவை அவிழ்த்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, சீனி குறைத்த பிளேன்டீ குடித்து, தன் மகளின் படிப்பைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். துருவைப் பார்க்க மறந்துபோனார். அதற்குப் பிறகு அவள் வாசலில் மட்டும் அவர் நின்று ஒரு தரம் இருமுவார். அவள் கூப்பிடுகிற வரைக்கும் நிற்பார்.

காக்கா பிடிக்கிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நாங்கள் என்ன நாங்கள், நான்தான் தொடங்கி வைத்தேன்.

ஆளைச் சொல்லவில்லையே. பவுடர் கழுத்துக்கு மேலேதான், கீழே சொந்த நிறம். நகத்தில் எப்போதும் சிவப்புச் சாயம், பாதி உதிர்ந்தது. பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் சேலையில் மடிப்பு நிற்க வேண்டும். எனக்கு மூத்தவள், ஆனால் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் என்னைத்தான் மூத்தவள் என்பார்கள். கண்டியில் ஒரு புடவைக் கடையின் வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற வேலையில் இருந்தவள் அவள். "வாங்க மிஸ், பாக்குறதுக்குக் காசில்ல, உள்ள வந்து பாருங்க" என்று காலையிலிருந்து கடை அடைக்கிற வரைக்கும். தொண்டை கட்டிப்போன பிறகு கடைக்காரர் வேறொரு பிள்ளையை நிறுத்திவிட்டார். அந்தக் கரகரப்பு அப்படியே நின்றுவிட்டது. கேட்கிறவர்களுக்கு அது இன்னும் பிடித்தது. எனக்குத் தொண்டை கட்டினால் கஷாயம் குடிக்கச் சொல்வார்கள்.

ஏன் இப்படி வருகிறவன் போகிறவனையெல்லாம் உள்ளே ஏற்றுகிறீர்கள் என்று என் வீட்டுக்காரர் ஒரு தரம் விளையாட்டாகக் கேட்டாராம். அவள் சொன்னதை அவர் வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வரும் என்று நினைத்து.

"அவ்வளவு வருஷம் அடுத்தவன் கடைக்குள்ள ஆள் ஏத்துனேன் தம்பி. எனக்குன்னு ஒரு வாசல் வந்தப்பறம் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஓட்டுகிறார். சாயந்தரம் வண்டியை நிறுத்துகிற சத்தம் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் படியில் கால் வைக்கிற சத்தம் வருவதற்கு நடுவில் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் இருந்தது. அந்த நேரம் என்னுடையது இல்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பார். நான் இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்குவேன்.

ஹேவாஹெட்டயிலிருந்து என் தம்பி லீக்ஸ், போஞ்சி என்று காய்கறி கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கத்தான் வருவான். பை என் கைக்கு வரும்போது பாதியாக இருக்கும்.

"கூப்புட்டாங்கக்கா. வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்" என்பான்.

நான் எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எப்போதாவது என் கவிதை வரும். ஒரு தடவை அப்படி வந்த அன்றைக்குப் பத்திரிகையை அவள்தான் வாங்கி வந்து, தன் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி எழுதியது என்றாள். எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். அவளிடம் சொன்னார்கள். என் கவிதைக்குக் கிடைத்த பாராட்டு என் சுவர் வழியாக எனக்கு வந்தது, பிளேன்டீ கலக்குகிற கரண்டிச் சத்தத்தோடு.

தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு ஒருவர் பரிவாரத்தோடு வந்தார். எங்கள் வீடுகளுக்குள் சப்பாத்தோடு ஏறி இறங்கினார்கள், நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அவள் வாசலில் மட்டும் கழற்ற வேண்டியதாயிற்று. காலுறையில் ஓட்டை, பெருவிரல் முழுசாக வெளியே. "ஐயாட வெரல் காத்து வாங்குது" என்று அவள் சொன்னதும் பரிவாரம் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தது. அந்த மனிதர் கோபப்படவில்லை. காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் பாதைக்கு ஒரு லைட் போட்டுத் தருகிறேன் என்றார். போட்டும் தந்தார். கம்பத்தை அவள் வீட்டுக்கு எதிரே நட்டார்கள். வெளிச்சத்தில் முக்கால்வாசி அவளுக்கு.

இவ்வளவு பேரையும் கூப்பிட்டவள் என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அதுதான் உள்ளே அரித்தது. அவள் வாசலை நான் தினமும் கடந்து போவேன். "என்னா, தண்ணி வந்திருச்சா?" என்பாள், "மழ வரும்போலருக்கு" என்பாள். கை உள்ளே காட்டாது. ஒரு நாள் பைப்படியில் குடம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"ஊர் ஒலகத்துக்கெல்லாம் வாங்கதான். எனக்கு மட்டும் இல்லையாக்கா?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள்.

"நீ என்ன வெளி ஆளா? ஒன்னக் கூப்புட்டா நீ விருந்தாளியாயிருவ. அப்பறம் ஒன்ன அனுப்பி வைக்கவும் வேணும்ல."

யாராவது சொன்னால் நெஞ்சு நிறைந்துபோகக்கூடிய வார்த்தை. எனக்கு நிறையவில்லை. நான் விருந்தாளியாக இருக்க ஆசைப்பட்டேன். அந்தத் தலைச் சாய்ப்பு எனக்காக ஒரு தடவை நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்னொன்றும் இருந்தது. இவ்வளவு அழகான ஒரு பதில் எனக்குத் தோன்றாமல் அவளுக்கு ஏன் தோன்றியது என்று அன்றைக்கு முழுக்க எரிந்தேன்.

பிறகு ஹோட்டல் வந்தது. வந்தது என்றால் பேச்சு வந்தது. பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஹோட்டல் கட்ட ஒருவர் இடம் தேடுகிறார், முதலாளியின் நிலம்தான் பிடித்திருக்கிறது என்றார்கள். ஒரு காலையில் முதலாளி வந்து, மாதம் முடிவதற்குள் எல்லாரும் காலி செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிரேன் கொண்டுவந்து பெட்டிகளைத் தூக்கிக் கீழே ஓடைக்கரையில் வைத்துவிடுவேன் என்றார். ஓடைக்கரை மழையில் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். மலையிலிருந்து மண்ணால் துரத்தப்பட்டவர்களைத் தண்ணீரிடம் அனுப்பப் பார்த்தார். அன்றைக்கு வரிசையில் பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மத்தியஸ்த சபைக்குப் போனோம். மனுவை எழுதியது நான். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பிறகு யாரும் சொல்லவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் என்ன செய்தாள்? விசாரணைக்கு முதல் நாள் சாயந்தரம் முதலாளி வந்தார், வாசலில் நின்று இருமினார், அவள் அவரை உள்ளே கூப்பிட்டு பிளேன்டீயும் மீன் அடைத்த மாலுபாணும் கொடுத்தாள். எல்லாரும் பார்த்தோம். அவர் போன பிறகு நான் என் படியில் நின்றே கேட்டேன்.

"நாளைக்கு நம்மளத் தூக்கிப் போடப் போறவருக்கு இன்னைக்கு விருந்தாக்கா?"

"வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டாரு தங்கச்சி. எப்பிடிக் கூப்புடாம இருக்கிறது?"

அந்த இரவு எங்கள் வீட்டில் அவளைப் பற்றி நல்லதாக யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. சொல்லவே கூடாது, எனக்குச் சாப்பாடு ருசித்தது.

சபை ஒரு பள்ளிக்கூடத்தில் கூடியது. சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். தலைவர் ஓய்வு பெற்ற தபாலதிபர், மெதுவாகப் பேசுகிறவர். முதலாளி எழுந்து தன் கட்சியைச் சொன்னார். அவை என்னுடைய ஸ்டோர் பெட்டிகள், பாவம் பார்த்துப் படுக்க விட்டேன், சாவி என்னிடம் இருக்கிறது, நினைத்த நேரம் போவேன் வருவேன், வீடு என்றால் அப்படிப் போய்வர முடியுமா என்றார். ஊர்க்காரர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள், அவருடைய மனைவியும் இருந்தார்.

தலைவர் எங்கள் பக்கம் திரும்பி ஒவ்வொருவராகக் கேட்டார். முதலில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டு முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா. ஸ்டேசனடியில் சமோசா விற்கிற மனிதர், யாரையும் குறை சொல்லத் தெரியாதவர்.

"முதலாளி கேக்காம உங்கட பெட்டிக்குள்ள வாறதா?"

"வருவாரு சேர். வந்தா என்ன, அவருட எடம்தானே."

அது அவருடைய பணிவு. யார் வந்தாலும் உங்கள் இடம்தானே என்பார். தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்தது என் வீட்டுக்காரர்.

"மொதலாளி வந்தா நாங்க எந்திரிச்சு வெளிய நிப்போங்க. ஒரு மரியாதைக்கு."

அதையும் குறித்துக்கொண்டார். அதற்கடுத்தவரும் அப்படியே. முதலாளியின் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டு வந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. நல்ல வார்த்தைகளாகத்தான் சொன்னார்கள். மரியாதையாலேயே எங்களை நாங்கள் வெளியேற்றிக்கொண்டிருந்தோம். என் முறை வந்ததும் எழுந்து, மனுவில் எழுதியதை இன்னும் நல்ல தமிழில் சொல்லத் தொடங்கினேன். அதெல்லாம் வாசித்தாயிற்று, உட்காருங்கள் என்றார் தலைவர்.

அவள் எழுந்தாள். பவுடர், மடிப்பு, எல்லாம் இருந்தது. முதலாளியிடம் ரெண்டு வார்த்தை கேட்கலாமா என்று தலைவரிடம் அனுமதி கேட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, ஏதோ தன் வீட்டில் நிற்கிற மாதிரி நின்றாள்.

"மொதலாளி, எங்க டீ எப்பிடி?"

யாரோ சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். "நல்ல டீதான்."

"குடிக்க வந்தா மொதல்ல எங்க நிப்பீங்க?"

"வெளிய."

"சாவிதான் ஒங்க கையில இருக்குமே."

"இருக்கும்."

"மழ பேஞ்சா?"

"மழ பேஞ்சாலும் நீங்க கூப்புட்டாத்தானே உள்ள வரலாம்." ஏதோ ஒரு பக்கம் தான் இழுக்கப்படுவது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். முகம் இறுகியது. அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். ஆனால் பின்னால் மனைவி இருந்தார், ஊர் இருந்தது. நிமிர்ந்து சொன்னார். "பொம்பள ஆளு இருக்கிற வீட்டுக்குள்ள கேக்காம நொழையிற மனுசன் இல்ல நான்."

தலைவர் எழுதுகிறதை நிறுத்தினார்.

"என்ன சொன்னீங்க? வீடா?"

முதலாளி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தம்மா முகத்தில் ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு பொய் அவர் நாக்கு வரைக்கும் வந்திருக்கும், வந்து திரும்பியிருக்கும்.

"வீடுதான்" என்றார்.

"அப்ப மத்தப் பெட்டியெல்லாம்?" என்றார் தலைவர்.

"அதுகளும் ஒண்டா வித்ததுதானே" என்றார் களைத்துப்போய். விற்றது என்று தன் வாயாலேயே சொன்னதை உணர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு பேசி ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். பெட்டி அதில் இருக்கிறவருக்குச் சொந்தம். ஒரு வீடு நிற்கிற வரைக்கும் அது நிற்கிற மண்ணை வாடகைக்கு விட வேண்டும், வீடு போனால் மண் முதலாளிக்கு. சாவிகளைத் திருப்பித் தர வேண்டும், கேட்காமல் நுழையக் கூடாது. ஹோட்டல்காரர் வேறு மலையைப் பார்க்கப் போனார். நாங்கள் பிழைத்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லார் வாயிலும் அவள் பேச்சுத்தான். நானாவுக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அவள் பேசியதை அவளைப் போலவே தலையைச் சாய்த்து நடித்துக் காட்டினார். நான் சன்னலோரம் உட்கார்ந்து, அவளால் காப்பாற்றப்பட்ட என் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காப்பாற்றியவள் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. முடியாது என்று மட்டும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஓராண்டுகூட அவள் அங்கே இருக்கவில்லை. ஹேவாஹெட்டப் பக்கம் சரிவில்லாத இடத்தில் அவளுடைய அண்ணனுக்கு நிலம் கிடைத்தது. அதில் ஒரு ஓரத்தை இவளுக்குத் தருகிறேன் என்றார். அவள் யோசிக்கவேயில்லை. வீடு என்னுடையதுதானே, கொண்டுபோகிறேன் என்றாள். எங்களுக்கெல்லாம் தங்குவதற்கான உரிமையாக இருந்தது அவளுக்குப் போவதற்கான உரிமையாகவும் இருந்தது. எனக்கு அது தோன்றவேயில்லை.

கிரேன் லொறி வந்தது. அவள் வீடு என் சுவரிலிருந்து பிரிந்தபோது இரும்பு ஒரு சத்தம் போட்டது, இன்றைக்கும் பல் கூசுகிறது. அலுமாரி உள்ளேயே இருந்தது. முதலாளியும் வந்திருந்தார். சன்னல் கண்ணாடி பத்திரம், சன்னல் கண்ணாடி பத்திரம் என்று கிரேன்காரனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். வரிசை முழுக்க அழுதது. நான் அழவில்லை. லொறியின் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து அவள் எல்லாருக்கும் கையை ஆட்டினாள். ஒரு வீட்டையே பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவளுக்கு எப்படியிருக்கும் என்று நினைத்தேன். என்னிடம் கொண்டுபோக என்ன இருக்கிறது? கொண்டுபோகத்தான் எங்கே இருக்கிறது?

என் வீடு இப்போது ஓரத்து வீடு. அவள் இருந்த பக்கத்தில் மழை நேராக அடிக்கிறது, அங்கே புதிதாகத் துரு பிடிக்கிறது. அவள் வீடு நின்ற இடத்தில் புல் முளைக்காத ஒரு நீள்சதுரம், வெளிறிய மண். பவுசர்காரன் வந்தால் அங்கே ஒரு நிமிடம் நிற்கிறான். மீட்டர் பார்க்கிறவனும் நிற்கிறான். நான் உள்ளே கூப்பிட்டு டீ கொடுக்கிறேன். நல்ல டீதான். அதைக் குடித்துக்கொண்டே சன்னல் வழியாக அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு, அக்கா எப்படி இருக்கிறாங்க என்று கேட்கிறார்கள். இல்லாத வீட்டுக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள்.

போன கிழமை முதலாளி மண் வாடகைக்காக வந்தார். நல்ல மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்த சாயந்தரம், பாதையெல்லாம் சேறு. நான் படியில் நின்றேன். ரோட்டிலிருந்து இறங்கி அந்த நீள்சதுரத்துக்குக் குறுக்கே நடந்தால் என் வாசல், நாலு எட்டு. உடன்படிக்கையின்படி அந்த மண் இப்போது அவருடையது, வீடு போய்விட்டதே. அதன் விளிம்பு வரைக்கும் வேகமாக வந்தவர் அப்படியே நின்றார். குடையை மடக்கினார். வெறும் காற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடுகிற கானோரத்துச் சேற்றில் கால் புதையப் புதைய, அந்த இடத்தை முழுசாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

நான் இருக்கிற இடத்தைக்கூட யாரும் அப்படிச் சுற்றிப் போனதில்லை.